நான்கு பெயர்களும் ஓர் உழவாரமும்

சோழவள நாட்டுச் சிற்றூர்களில் புதியவர் ஒருவர் வந்தால், "எந்த ஊர்? யார் வீட்டுப் பிள்ளை?" என்பதே முதல் வினா. ஊரும் குலமும் தந்தை பெயரும் தெரிந்துவிட்டால் ஆளையே தெரிந்துகொண்டதாக நாம் எண்ணிவிடுகிறோம். ஒருவர் தம்மைத் தாமே ஆக்கிக்கொள்ளுதல் என்பது இவ்வினாவுக்குள் அடங்காத செய்தி. கி.பி. 7ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த அப்பரடிகள் வரலாற்றைக் கொண்டு அதனைச் சிந்திப்போம்.

திருமுனைப்பாடி நாட்டுத் திருவாமூரில் புகழனாரும் மாதினியாரும் தம் மகனுக்கு இட்ட பெயர் மருணீக்கியார். சமண சமயம் புகுந்து கற்றுத் தேர்ந்தபோது அச்சமயத்தார் வழங்கிய பெயர் தருமசேனர். சூலை நோய் வருத்த, தமக்கையார் திலகவதியாரை அடைந்து, திருவதிகை வீரட்டானத்தில் பதிகம் பாடியபோது இறைவன் அருளிய பெயர் நாவுக்கரசு. சீகாழியில் ஆளுடைய பிள்ளையார் அழைத்த பெயர் அப்பர். நான்கும் பிறர் தந்தவை. தாம் யார் என்று அவரே சொல்ல நேர்ந்த இடம் திங்களூர்.

திருவையாற்றை அடுத்துள்ள அவ்வூருக்குச் சந்திரன் தலமென்று வருவோர் இன்று மிகுதி. அப்பூதியடிகள் ஊரென்று வருவோர் குறைவு. நமக்கு இது வருத்தமே. மறையவரான அப்பூதியடிகள், வேளாண் குலத்து நாவுக்கரசரை நேரிற் கண்டவரல்லர். கேள்வியினாலேயே அன்பு பூண்டு, புதல்வர்க்கும் பசுக்களுக்கும் வீட்டிலுள்ள அளவைகளுக்கும் தண்ணீர்ப் பந்தலுக்கும் அப்பெயரையே இட்டிருந்தார். அவ்வழியே வந்த அப்பர், பந்தலெங்கும் தம் பெயர் எழுதியிருக்கக் கண்டு, அவர் இல்லம் சென்று, உம் பெயரை விட்டு வேறொரு பெயரை எழுதியது ஏன் என வினவினார். அப்பூதியார்க்குச் சினம் மூண்டது. கல்லே தெப்பமாகக் கடலைக் கடந்தவரை அறியாத நீர் யார், சொல்லும் என்றார்.

இவ்விடத்தில் சற்று நிற்போம். சொல்லிக்கொள்ள அப்பரிடம் எத்தனையோ இருந்தன. நீற்றறையில் ஏழு நாள் இருந்து மீண்டவர்; நஞ்சுக்கும் யானைக்கும் தப்பியவர்; பல்லவ வேந்தன் வந்து பணிந்த பெரியவர். அவற்றுள் ஒன்றையும் அவர் எடுக்கவில்லை. வேறு சமயத்தில் நின்று, சூலை நோயினால் ஆட்கொள்ளப்பெற்று உய்ந்த, தெளிவில்லாத சிறியவன் நான் என்னும் கருத்துப்படவே விடை சொன்னார் எனச் சேக்கிழார் பெருமான் காட்டுகிறார். நோயையும் வழி மாறிய காலத்தையுமே தம் அடையாளமாகச் சொன்னார். அப்பூதியார்க்கு அதுவே போதுமானதாயிற்று. கண்ணீர் பெருக அடி வீழ்ந்தார்.

தருமசேனராக இருந்த காலத்தைச் சொற்பொழிவாளர் சிலர் விரைந்து கடந்துவிடுகின்றனர். அது அப்பர் உள்ளத்துக்கு ஒத்ததன்று. தம் பதிகங்களில் அக்காலத்தை அவரே பலமுறை நினைந்து வருந்துகிறார். நாமோ, ஊர் மாறிப் பதவி உயர்ந்ததும் பழையவற்றை மறைப்பதிலேயே பாதி நாளைக் கழிக்கிறோம்!

சொல்லரசர் கையில் இருந்தது உழவாரம். புல் செதுக்கும் கருவி. வரப்புச் செதுக்கிப் பழகிய காவிரிக்கரை உழவர்க்கு அவ்வுழைப்பை விளக்க வேண்டியதில்லை. இன்று செதுக்கிய இடத்தில் அடுத்த மழைக்குப் புல் மீண்டும் முளைக்கும். மீண்டும் குனிய வேண்டும். தலந்தோறும் திருமுற்றத்தில் அவர் செய்தது இப்பணி. அவர் தம்மை ஆக்கிக்கொண்டது இவ்வாறு நாள்தோறும் குனிந்துதான் என்பது நம் துணிபு.

குனிந்த தோள் இன்னொரு சுமையையும் ஏற்றது. பாண்டிநாடு சென்று மீண்ட ஞானசம்பந்தர் திருப்பூந்துருத்திக்கு எழுந்தருளினார். அங்குத் திருமடம் அமைத்திருந்த அப்பர் எதிர்சென்று, கூட்டத்தினுள் எவரும் அறியாமல் புகுந்து, சிவிகை தாங்குவோரில் ஒருவரானார். "அப்பர் எங்குற்றார்?" என்று பிள்ளையார் கேட்க, சிவிகையின் கீழிருந்து விடை வந்தது. பதைத்து இறங்கிய பிள்ளையார் அவரை வணங்கினார், அவரும் வணங்கினார். தந்தையென அழைக்கப்பட்டவர், அழைத்த பிள்ளையையே சுமந்தார்.

முதுமையில் திருப்புகலூரில் அவர் பணி செய்த முற்றத்தில் பொன்னும் மணியும் கிடந்தன. பருக்கைக் கற்களோடு சேர்த்து அவற்றையும் உழவாரத்தால் ஏந்திக் குளத்தில் எறிந்துவிட்டு, வேலையைத் தொடர்ந்தார். அவ்வூரிலேயே ஒரு சித்திரைச் சதய நாளில், தம் 81ஆம் வயதில், இறைவன் திருவடி அடைந்தார் என்பது மரபு.

முதலாம் இராசராசன் காலத்தில் தஞ்சைப் பெரிய கோயிலுக்கு அவருடைய செப்புத் திருமேனி அளிக்கப்பெற்றதை அங்குள்ள கல்வெட்டுக் கூறுகிறது. இன்றும் நம் கோயில்களில், நால்வர் வரிசையில் அவர் கைகுவித்து நிற்கிறார். தோளில் உழவாரம் சாய்ந்திருக்கிறது.