பசித்த பிள்ளைக்கு அரை டம்ளர் பால்!

எலும்பும் தோலுமாக ஒரு பிள்ளையைப் பார்த்தால், 'முதல்ல வயிறு நிறைய சாப்பாடு போடுங்கய்யா!' என்றுதான் நமக்குச் சொல்லத் தோன்றும். ஆனால், ஆப்பிரிக்காவின் மலாவி நாட்டில், பிளான்டயர் நகரத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்கு இப்படிக் குற்றுயிராக ஒரு குழந்தையைத் தூக்கி வந்தால், முதல் நாள் மக்காச்சோளக் களி கிடையாது. இரண்டு மணிக்கு ஒரு தடவை அளந்து கொஞ்சம் பால். ராத்திரியிலும் எழுப்பிக் கொடுப்பார்கள். அவ்வளவுதான்!

ஏன் இந்தக் கஞ்சத்தனம்?

நாள்கணக்கில் பட்டினி கிடந்த உடம்பு தன் வேலைகளையெல்லாம் சுருக்கிக்கொள்கிறது. இருதயம் மெலிந்துவிடும். சிறுநீரகம் உப்பை வெளியே தள்ளத் திணறும். இந்த நேரத்தில் திடீரென்று நிறைய ஊட்டினால், ரத்தத்தில் பாஸ்பரஸும் பொட்டாசியமும் மளமளவென்று இறங்கி, உயிருக்கே ஆபத்தாகிவிடும். டிரிப்ஸ் ஏற்றுவதும் அப்படித்தான். பலவீனமான இருதயம் அந்தத் தண்ணீரைத் தாங்காது. அதிர்ச்சி நிலையில் இருக்கும் குழந்தைக்கு மட்டும், அதுவும் பக்கத்திலேயே நின்று பார்த்துக்கொண்டு ஏற்றுவார்கள்.

அந்தப் பாலுக்கு எஃப்-75 என்று பெயர். 100 மில்லியில் 75 கலோரி. பால், சர்க்கரை, எண்ணெய், தாது உப்புகள், வைட்டமின்கள் சேர்ந்தது. 6 கிலோ குழந்தைக்கு ஒரு வேளைக்கு 65 மில்லி போல வரும். அரை டம்ளர்கூட இல்லை! குடிக்க முடியாவிட்டால் மூக்கு வழியாகக் குழாய். ராத்திரி ஒரு வேளை தவறினாலும் சர்க்கரை இறங்கும், உடம்பு சில்லிடும். தூக்கத்திலேயே பிள்ளை போய்விடும். அதனால்தான் அம்மாவின் மார்போடு அணைத்து, தலைக்குத் துணி கட்டி வைக்கிறார்கள். காய்ச்சல் இல்லையே என்று ஏமாறவும் கூடாது. கிருமி தாக்கினாலும் காய்ச்சல் காட்டத் தெம்பில்லாத உடம்பு அது. எல்லோருக்குமே ஆன்டிபயாடிக் உண்டு.

வெளுத்த குழந்தையைக் கண்டால், அயச்செந்தூரம் எடுத்துப் பழகிய என் கை பரபரக்கும். ஆனால் இங்கே எடை ஏற ஆரம்பிக்கும்வரை இரும்புச்சத்தைத் தொடவே கூடாது. தொற்று முற்றிவிடும். சித்த வைத்தியனாக இருந்தும் சொல்கிறேன், இந்த நிலைக்கு லேகியமும் சூரணமும் வழியல்ல. ஆஸ்பத்திரிதான்.

இன்னொரு வகைக் குழந்தை கொழுகொழுவென்று இருப்பதுபோல ஏமாற்றும். காலும் முகமும் வீங்கியிருக்கும், அமுக்கினால் குழி விழும். இதைத்தான் சிசிலி வில்லியம்ஸ் என்ற பெண் டாக்டர், இன்றைய கானாவில் பார்த்து, 1935-ல் 'குவாஷியோர்கர்' என்று எழுதினார். அடுத்த பிள்ளை பிறந்ததும் மூத்ததுக்கு வரும் நோய் என்று அங்குள்ள கா மக்களின் பேச்சில் அதற்கு அர்த்தம். இந்தக் குழந்தைக்கு வைத்தியம் தொடங்கினால் முதலில் எடை குறையும்! தராசைப் பார்த்துத் தாய் பதறுவாள். நர்சு சந்தோஷப்படுவார், வீக்கத் தண்ணீர் வடிகிறதே!

சில நாளில் பிள்ளை தானாகப் பாலுக்குக் கை நீட்டும். அப்புறம்தான் சத்து கூடிய எஃப்-100, பிறகு வேர்க்கடலை, பால் பவுடர், எண்ணெய், சர்க்கரை சேர்த்த விழுது. ஒரு பாக்கெட் 92 கிராம், 500 கலோரி. தண்ணீர் கலக்க வேண்டாம் என்பதால் கிருமி வளராது. நர்சு கண்ணெதிரே பிள்ளை அதை நக்கிச் சாப்பிட்டுவிட்டால் வீட்டுக்கே கொடுத்தனுப்பலாம். முன்பெல்லாம் வாரக்கணக்கில் வார்டிலேயே கிடக்க வேண்டும். வீட்டில் மற்ற பிள்ளைகளும் விதைக்காத நிலமும் கிடக்க, பாதியிலேயே பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போன தாய்மார்கள் எத்தனையோ பேர்.