மைதானத்தில் சாம்பியன், உடை மாற்ற இடமில்லை!

அமெரிக்கர்கள் "கால்பந்து" என்று சொல்வது நாம் அறிந்த கால்பந்து அல்ல. முட்டை வடிவப் பந்தைக் கையில் ஏந்தி, எதிரணியினர் மடக்கி வீழ்த்துவதற்குள் எல்லைக் கோட்டைத் தாண்ட ஓடும் முரட்டு ஆட்டம் அது. இதன் தொழில்முறை லீக்கில் முதல் கறுப்பினப் பயிற்சியாளர் என்ற பெருமை பிரிட்ஸ் போலார்டுக்கு உரியது.

மின்னல் ஓட்டம்

1894-ல் சிகாகோவில் பிறந்தார். தந்தை முடிதிருத்தும் கடை நடத்தியவர். இயற்பெயர் பிரெடரிக் டக்ளஸ் போலார்டு. "பிரிட்ஸ்" என்பது அக்கம்பக்கத்து ஜெர்மானியர்கள் வைத்த செல்லப்பெயர்.

உயரம் 5 அடி 9 அங்குலம். எடை சுமார் 75 கிலோ. முரடர்கள் நடுவே சிறிய உருவம். ஆனால், ஓட்டத்தில் மின்னல்!

பிரவுன் பல்கலைக்கழக மாணவராக, 1916 புத்தாண்டு அன்று கலிபோர்னியாவில் நடந்த "ரோஸ் பவுல்" போட்டியில் ஆடினார். அதில் ஆடிய முதல் கறுப்பர் அவரே.

சுருட்டுக் கடையில்...

1919-ல் ஆக்ரன் நகர அணியில் சேர்ந்தார். டயர் தொழிற்சாலைகள் நிறைந்த ஊர். தென் மாநிலங்களிலிருந்து பிழைக்க வந்த வெள்ளைத் தொழிலாளர்கள் அங்கே ஏராளம். நிறவெறியும் அவர்களுடன் வந்திருந்தது. உள்ளூர் ரசிகர்களே அவரை ஏசினர்.

மற்ற ஆட்டக்காரர்களுடன் உடை மாற்ற முடியாமல், அணி உரிமையாளரின் சுருட்டுக் கடையில் மாற்றிக்கொண்டு மைதானத்துக்குப் போனதாக அவரே பின்னாளில் கூறினார்.

கீழே விழுந்தால் எதிரணியினர் மேலே பாய்ந்து மிதிப்பார்கள். அதற்கும் அவர் வழி கண்டார். விழுந்ததும் மல்லாந்து புரண்டு, ஆணி வைத்த பூட்ஸ் கால்களை உயரத் தூக்கிக்கொள்வார். யார் கிட்டே வருவார்கள்?

1920-ல் லீக் தொடங்கியது. முதல் ஆண்டிலேயே, ஓர் ஆட்டத்திலும் தோற்காமல் ஆக்ரன் சாம்பியன்! 1921-ல் போலார்டு ஆடிக்கொண்டே அணியின் பயிற்சிப் பொறுப்பையும் ஏற்றார்.

அடைபட்ட கதவு

1926-உடன் லீக்கில் அவருடைய ஆட்டம் முடிந்தது. 1934 முதல் 1945 வரை லீக்கில் ஒரு கறுப்பர்கூட ஆடவில்லை. போலார்டு சும்மா இருக்கவில்லை. சிகாகோவிலும் நியூயார்க்கிலும் கறுப்பர் அணிகளை நடத்தி, இளைஞர்களுக்கு ஆட வழி செய்தார்.

1946-ல் கறுப்பர்கள் மீண்டும் லீக்கில் ஆடினர். ஆனால், தலைமைப் பயிற்சியாளர் நாற்காலி? 1989-ல்தான் ஆர்ட் ஷெல் என்ற அடுத்த கறுப்பருக்கு அது கிடைத்தது. போலார்டு பொறுப்பேற்று 68 ஆண்டுகள் கழித்து!

அதைக் காண அவர் இல்லை. 1986-ல், 92-வது வயதில் காலமானார். லீக் வீரர்களுக்கான புகழ் மண்டபத்தில் 2005-ல்தான் அவர் பெயர் சேர்ந்தது.

உழைக்க ஆளை எடுத்தவர்கள், அதே ஆளிடம் பொறுப்பை ஒப்படைக்க இரண்டு தலைமுறை காலம் தயங்கினார்கள்.