பெயர்ப்பலகையில் புகைக்கறை படியாதிருக்க

எங்கள் கிளைகளுள் எதில் நுழைந்தாலும், மேலாளர் மேசைமீது மாநில மொழி, இந்தி, ஆங்கிலம் என மூன்று மொழிகளில் பெயர் பொறித்த ஒரு சிறு பலகையைக் காணலாம். மின்தூக்கியின் பொத்தான் அருகிலும் தொழிற்சாலை மின்பலகையின் விசைகளுக்குக் கீழும் இருப்பவை அதே இனத்தைச் சேர்ந்தவை. இவற்றைச் செய்து தருவோர் பெரும்பாலும் ஓர் அறை, ஓர் இயந்திரம், ஓர் உதவியாளர் என்ற அளவில் தொழில் நடத்துபவர்கள். நம் வாடிக்கையாளருள்ளும் அத்தகையோர் உண்டு. அவர்களுக்கும், இத்தொழிலில் இறங்க எண்ணுவோர்க்கும் பயன்படும் சில செய்திகளை இங்கு விளக்குகிறோம்.

பலகைக்கு ஆகும் பொருள் இரட்டை வண்ண பிளாஸ்டிக் லேமினேட் தகடு. வெள்ளை அல்லது கறுப்பு உள்ளுடலின்மேல் வேறு நிறத்தில் மிக மெல்லிய மேல்தோல் ஒன்று ஒட்டியிருக்கும். கார்பன் டையாக்சைடு லேசரின் 10.6 மைக்ரான் அலைநீளக் கதிரைப் பிளாஸ்டிக் நன்கு உறிஞ்சுவதால், கதிர் படும் இடத்தில் மேல்தோல் ஆவியாகி உள்நிறம் எழுத்தாகத் தெரிகிறது. தச்சர்கள் மேசைக்கு ஒட்டும் மைக்காவும் லேமினேட்தான்; ஆனால் அது பிசின் ஊட்டிய காகித அடுக்குகளால் ஆனது. உருகாது, கருகும். பெயர் ஒன்றே என்பதால் அதற்குரிய அளவுகளை இதற்குப் பயன்படுத்துதல் கூடாது.

தகடு வாங்கும்போது கேட்க வேண்டிய முதற்கேள்வி, ‘இது அக்ரிலிக்கா, ஏபிஎஸ்ஸா, பிவிசியா?’ என்பதே. பிவிசி என்றால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். லேசர் சூட்டில் பிவிசி சிதைந்து ஹைட்ரஜன் குளோரைடு வாயுவை வெளிவிடுகிறது. அது காற்றின் ஈரத்தோடு சேர்ந்து அமிலமாகி, இயந்திரத்தின் தண்டவாளங்களையும் கண்ணாடிகளையும் அரிக்கும். இயக்குபவரின் நுரையீரலையும் விட்டுவைக்காது. இயந்திரம் துருவேறிப் போன பின்னும் அதற்கு வாங்கிய கடனின் தவணை நிற்பதில்லை என்பதை வங்கியினராகிய நாங்கள் சொல்லித்தான் ஆக வேண்டும். கடைக்காரர் உறுதியாகச் சொல்லவில்லையெனில் பழைய ஆய்வுக்கூட முறை ஒன்று உண்டு. செப்புக் கம்பியைக் குறடால் பிடித்து, நிறமற்ற சுடர் வரும்வரை காய்ச்சி, தகட்டின் துண்டில் தொட்டு, மீண்டும் சுடரில் காட்டுங்கள். சுடர் பச்சையானால் அத்தகட்டை ஏற்க வேண்டாம். இச்சோதனையைத் திறந்த வெளியில், சிறு துண்டில் மட்டும் செய்க.

இனிப் பொறித்தல். மேல்தோல் மெல்லியது, ஆகவே பவர் குறைவாகவும் வேகம் அதிகமாகவும் இருத்தல் வேண்டும். பவர் மிகுந்தால் உள்ளுடல் உருகி, எழுத்தின் ஓரம் குமிழியிட்டு, வெள்ளை பழுப்பாகும். குறைந்தாலோ மேல்தோல் திட்டுத்திட்டாக எஞ்சும். எந்த இயந்திரத்துக்கும் எந்தத் தகட்டுக்கும் பொதுவான எண் என ஒன்று இல்லை. ஒவ்வொரு புதிய தகட்டின் மூலையிலும் பவரையும் வேகத்தையும் படிப்படியாக மாற்றிச் சிறு சதுரங்களைப் பொறித்து, தெளிவான சதுரத்தின் அளவைக் குறித்துவைப்பதே வழி. வரிகளுக்கிடையேயான தொலைவு 0.1 மில்லிமீட்டர் அல்லது அதற்குச் சற்றுக் குறைவாக இருந்தால் கோடுகள் தனித்துத் தெரியா. அப்படியும் கறை எஞ்சினால் ஃபோகஸைச் சற்றே விலக்கி, குறைந்த பவரில் அதே இடத்தில் இரண்டாம் முறை ஓட்டுங்கள். முதல் ஓட்டத்தில் படிந்த தூள் அகன்றுவிடும். நேரம் கூடும், ஆனால் கெட்ட தகட்டின் விலையைவிட இந்நேரம் மலிவு.

பலர் கவனியாத ஒன்று, புகை செல்லும் திசை. உறிஞ்சும் விசிறி பெரும்பாலும் இயந்திரத்தின் பின்புறம் இருக்கும். மேலிருந்து கீழாகப் பொறித்தால், புகை ஏற்கெனவே முடிந்த எழுத்தின்மேலேயே இழுக்கப்பட்டுப் படியும். கீழிருந்து மேலாகப் பொறிக்குமாறு மென்பொருளில் மாற்றினால், அது இன்னும் பொறிக்காத தோலின்மேல் செல்லும். அப்பகுதி பின்னர் எப்படியும் ஆவியாக வேண்டியதுதானே! தகட்டின் மேலுள்ள மெல்லிய பிளாஸ்டிக் உறை உருகி ஒட்டக்கூடுமாதலால், பொறிக்குமுன் உரித்துவிடுவது நல்லது.

வெட்டுதல் எப்போதும் கடைசி வேலை. முதலில் வெட்டினால் துண்டு நகர்ந்து எழுத்து கோணும். தேன்கூட்டு மேடையின்மேல் சில மில்லிமீட்டர் உயர்த்தி வைத்தால், எதிரொளிக்கும் கதிர் அடிப்புறத்தில் தழும்பு விடாது. அக்ரிலிக் அடிப்படையிலான தகட்டின் விளிம்பு பளபளப்பாக வரும். ஏபிஎஸ் உருகி இழுபடும். புகையும் கரியும் மிகும். அதற்கு ஒரே அழுத்தமான வெட்டைவிட இரண்டு மூன்று மெல்லிய வெட்டுகள் மேல். காற்றுக்குழாயும் நன்கு ஊத வேண்டும். இரண்டும் தீப்பற்றக்கூடியவை. இயந்திரம் ஓடும்போது தேநீருக்கு வெளியே செல்லாதீர்கள்.

தூய்மை செய்ய மென்மையான சோப்பு நீரும் துணியும் போதும். தின்னரோ ஆல்கஹாலோ பட்டால் லேசர் வெட்டிய அக்ரிலிக் விளிம்பில் மயிரிழை விரிசல்கள் தோன்றும். அசிட்டோன் ஏபிஎஸ்ஸையே கரைத்துவிடும்.

தமிழ்ப் பெயர் பொறிப்பவர்க்கு ஒரு சொல்: எழுத்துகளைக் கோட்டுருவாக மாற்றாமல் கோப்பை அனுப்பினால், அதே எழுத்துரு இல்லாத கணினியில் ‘கோ’ மூன்று துண்டாகச் சிதறும். மாற்றிய பின்னரும் புள்ளிகளை ஒருமுறை எண்ணிப் பாருங்கள். ஒற்றெழுத்தின் புள்ளி தொலைந்த பலகை எத்தனை பளபளத்தாலும் வாடிக்கையாளர் ஏற்கமாட்டார்.

இயந்திரம் வாங்கக் கடன் நாடுவோர் முத்ரா திட்டத்தைக் கருதலாம். இதில் 50,000 ரூபாய் வரை சிஷு, அதற்குமேல் 5 லட்சம் வரை கிஷோர், 10 லட்சம் வரை தருண் என்னும் பிரிவுகள் உண்டு. விண்ணப்பத்துடன் தரும் விலைப்புள்ளியில் லேசர் இயந்திரத்தை மட்டும் எழுதி வருவோரே மிகுதி. புகை உறிஞ்சி, நீர்க் குளிர்விப்பான், தீயணைப்பான் ஆகியவற்றையும் அதிலேயே சேர்த்துக் கொண்டு வாருங்கள். பின்னர்த் தனியே பணம் தேட நேராது.