கைபடாமல் திருத்தம் பெறும் கணினி

விசையை அழுத்தியதும் கணினியைத் துயிலெழுப்பி, அதன் உறுப்புக்களை ஆயத்தஞ் செய்யும் அடிப்படை ஆணைத் தொகுதியே நிலைபொருள் எனப்படும். தரவு மையத்திலே அடுக்கடுக்காக இயங்கும் வழங்கிக் கணினிகளில் அதனைப் புதுப்பிப்பது எங்ஙனம்? முன்னாளில் ஊழியர் ஒருவர் நெகிழ்வட்டையோ இறுவட்டையோ ஏந்தி ஒவ்வொரு கணினியாகச் செல்லவேண்டியிருந்தது. ஒன்றுக்குப் பத்து நிமிடமெனக் கொள்ளினும், ஆயிரம் கணினிகளுக்கு 166 மணி நேரத்துக்கு மேலாகும்.

இன்றைய வழங்கிகளின் தாய்ப்பலகையில் காவலாளிபோல் ஒரு சிறு கணினி அமைந்துள்ளது. பெரிய கணினி உறங்கினும், மின்னிணைப்பு உள்ளவரை இது விழித்திருக்கும். வலையமைப்பு வழியே வரும் புதிய நிலைபொருளை ஏற்று, நினைவகச் சில்லில் எழுதும். இதற்கு ஆணையிடும் முறையை வகுத்து 1998இல் ஐ.பி.எம்.ஐ. என்னும் நியமமும், 2015இல் ரெட்ஃபிஷ் என்னும் நியமமும் வெளியாயின.

எழுதும் வேளையில் மின்சாரம் தடைப்பட்டால் கணினி மீண்டும் எழாது போகலாம். ஆதலால் பல வழங்கிகளில் இரு பிரதிகள் வைக்கப்படுகின்றன. ஒன்று பழுதாயின் மற்றது கைகொடுக்கும். வந்தது மெய்யான பிரதிதானா என்பதை இலக்கமுறைக் கையொப்பம் காட்டும். ஆயினும், திருத்துவோன் நுழையும் வாயில் கள்வனுக்கும் வாயிலாகலாம். அப்பாதையைப் பொது இணையத்தினின்றும் பிரித்துவைத்தலே தலையாய காப்பாகும்.