22.5 லட்சம் ரூபாயும் ஒரு படுக்கை சீட்டும்

தேனி, ஆண்டிபட்டி, வைகை அணைப் பக்கத்திலிருந்து இஞ்சினியரிங் படித்துவிட்டு வெளிநாடு போன பிள்ளைகளுக்கு இப்போது நாற்பது வயது தாண்டிவிட்டது. ஊரில் இருக்கும் அப்பா அம்மாவுக்கு எழுபது. பேரப்பிள்ளையைப் பார்க்கக் கூப்பிட்டால், "அம்புட்டு நேரம் காலைத் தொங்கப்போட்டு உட்கார முடியாதுப்பா" என்கிறார்கள். முழங்கால் வலி உள்ளவருக்கு பிசினஸ் கிளாஸ் சொகுசு இல்லை; படுத்துக்கொண்டு போக ஒரு வழி. விலையைப் பார்த்தால் தலை சுற்றும். அந்த நேரம் பார்த்து, 'கிரெடிட் கார்டு பாயிண்டில் பிசினஸ் கிளாஸ், கிட்டத்தட்ட இலவசம்' என்று ஒரு வீடியோ வரும். அது உண்மையா என்று கேட்பவர்களுக்காக, கணக்குப் போட்டுப் பார்த்ததை இங்கே எழுதி வைக்கிறேன்.

முதலில், பாயிண்ட் எங்கிருந்து வருகிறது? கடையில் நீங்கள் கார்டைத் தேய்த்தால் கடைக்காரருக்கு முழுத் தொகையும் போகாது. ஏறக்குறைய 2 சதவீதம் கட்டணமாகப் பிடித்துக்கொள்வார்கள். அதில் பெரும்பங்கு கார்டு கொடுத்த வங்கிக்கு. அந்தப் பங்கிலிருந்து கொஞ்சத்தை வங்கி உங்களுக்கே பாயிண்டாகத் திருப்பிக் கொடுக்கிறது. சாதாரண யுபிஐக்கு 2020 ஜனவரியிலிருந்து இந்தக் கட்டணம் கிடையாது. அதனால்தான் டீக்கடையில் ஸ்கேன் செய்தால் பாயிண்டும் கிடையாது.

அந்தப் பாயிண்ட் மைலாக மாறுவது அடுத்த கட்டம். விமான நிறுவனங்கள் மைலை வங்கிகளுக்கு மொத்தமாக விற்கின்றன. 1981 மே மாதம் அமெரிக்கன் ஏர்லைன்ஸ் தன் மைல் திட்டத்தைத் தொடங்கியபோது, அடிக்கடி பறப்பவரைத் தக்கவைத்துக்கொள்ளும் உத்தியாகத்தான் அது இருந்தது. இன்று அது தனி வியாபாரம். 2020இல் கொரோனாவில் விமானங்கள் தரையில் நின்றபோது, யுனைடெட் ஏர்லைன்ஸ் தன் மைல் திட்டத்தையே அடமானமாக வைத்து 680 கோடி டாலர் கடன் வாங்கியது. ஓடாத விமானத்தை விட ஓடும் மைலுக்கு மதிப்பு!

இனி நம் கணக்கு. இந்தியாவில் பெரிய அட்டை என்று பேசப்படும் எச்டிஎஃப்சி இன்ஃபினியாவை எடுத்துக்கொள்வோம். சாதாரணச் செலவில் 150 ரூபாய்க்கு 5 பாயிண்ட். ஒரு வழி பிசினஸ் சீட்டுக்கு 75,000 மைல் தேவை, ஒரு பாயிண்டுக்கு ஒரு மைல் என்று வைத்துக்கொள்ளுங்கள் (எண்ணிக்கை தடத்துக்குத் தடம் மாறும்). 75,000 பாயிண்ட் சேர 22.5 லட்சம் ரூபாய் செலவழிக்க வேண்டும். ஒரு ஆளுக்கு, ஒரு வழிக்கு. அப்பா அம்மா இருவரும் போய்த் திரும்ப 90 லட்சம்! நடுத்தரமான அட்டை என்றால் இன்னும் மேலே போகும். வங்கியின் சொந்தத் தளத்தில் கூப்பன், டிக்கெட் வாங்கினால் சில மடங்கு பாயிண்ட் உண்டு, உண்மைதான்; அதற்கு மாதாந்திர உச்சவரம்பும் உண்டு. பெட்ரோல், வாடகை, வாலட் எல்லாம் பெரும்பாலும் கணக்கிலேயே வராது.

அடுத்து மதிப்பு. அந்தச் சீட்டின் ரொக்க விலை 1,95,000, மைலில் எடுத்தாலும் கையிலிருந்து கட்டும் வரி 15,000 என்று கொள்வோம். மிச்சம் 1,80,000. அதை 75,000ஆல் வகுத்தால் ஒரு பாயிண்டுக்கு 2 ரூபாய் 40 காசு. வீடியோவில் காட்டுவது இந்த எண்ணைத்தான். ஆனால் நீங்கள் 1,95,000 கொடுத்து அந்தச் சீட்டை வாங்கியிருப்பீர்களா? மாட்டீர்கள். 45,000க்கு எகானமி வாங்கியிருப்பீர்கள். அப்படியென்றால் கையில் மிச்சமானது 30,000 மட்டும்; பாயிண்டுக்கு 40 காசு. மீதி ரெண்டு ரூபாய் உங்கள் அம்மாவின் முழங்காலுக்கு நீங்கள் வைக்கும் விலை. அதை நீங்கள்தான் முடிவு செய்யணும், வீடியோ போடுகிறவர் இல்லை.

இந்த 40 காசை மனதில் வைத்துக்கொண்டு கடைக்குப் போங்கள். நம்ம பக்கம் நகைக்கடை, பாத்திரக்கடையில் "கார்டுன்னா ரெண்டு பர்சென்ட் சேர்த்து வரும்ணே" என்பார்கள். லட்ச ரூபாய்க்கு 2,000 கூடுதல். கிடைப்பது 3,333 பாயிண்ட். ஒரு பாயிண்டை 60 காசு கொடுத்து வாங்குகிறீர்கள். பில்லை ஒரு மாதம் கட்டாமல் விட்டால் இன்னும் மோசம். மாதம் 3.75 சதவீத வட்டி என்றால் 3,750, அதன்மேல் 18 சதவீத ஜிஎஸ்டி, ஆக 4,425. பாயிண்டுக்கு 1 ரூபாய் 33 காசு. கிரெடிட் கார்டு வட்டி ஆண்டுக்கு 30 சதவீதத்துக்கு மேல் போகக்கூடாது என்ற நுகர்வோர் ஆணையத்தின் 2008 உத்தரவையும் உச்ச நீதிமன்றம் 2024 டிசம்பரில் ரத்து செய்துவிட்டது. மாதாமாதம் முழுத் தொகையையும் கட்டுகிறவருக்குத்தான் இந்த ஆட்டம்.

அப்படிக் கட்டுகிறவர் ஜெயிக்கும் காசு யாருடையது? கடைக்காரர் அந்த 2 சதவீதத்தைத் தன் வீட்டிலிருந்து கொண்டுவருவதில்லை, எல்லோருக்கும் பொதுவான விலையில் ஏற்றி வைக்கிறார். போடியில் ஏலக்காய் விற்று ரொக்கத்தோடு சட்டை எடுக்க வருகிறவரும் அதே விலைதான் கொடுக்கிறார். அமெரிக்காவில் பாஸ்டன் ஃபெடரல் ரிசர்வ் வங்கி ஆய்வாளர்கள் 2010இல் இதைக் கணக்கிட்டார்கள்: ரொக்கம் கொடுக்கும் ஒரு குடும்பத்திடமிருந்து சராசரியாக ஆண்டுக்கு 149 டாலர் போகிறது, கார்டு தேய்க்கும் குடும்பத்துக்கு 1,133 டாலர் வந்து சேர்கிறது. அணை இருப்பது ஆண்டிபட்டி பக்கம், தண்ணீர் பாய்வது மதுரை பக்கம் என்று நம் ஊரில் ஒரு பழைய ஆதங்கம் உண்டு. இது அதைவிட மோசம். மதுரையிலாவது நெல் விளைகிறது. இதற்காக நான் கார்டை வெட்டிப்போடவில்லை. 'இலவசம்' என்ற சொல்லை மட்டும் விட்டுவிட்டேன்.

சேர்த்து வைப்பதிலும் ஆபத்து இருக்கிறது. வைகை அணையில் 71 அடிக்கு மேல் தேக்க முடியாது; 66 அடி வந்ததும் முதல் வெள்ள எச்சரிக்கை விடுவார்கள். பாயிண்டுக்கு அப்படி ஒரு எச்சரிக்கைப் படிவரிசை இல்லை. ஆக்சிஸ் வங்கியின் மேக்னஸ் அட்டையில் 5 பாயிண்டுக்கு 4 மைல் கிடைத்துக்கொண்டிருந்தது. 2023 ஜூலைக் கடைசியில் அறிவித்து, செப்டம்பர் 1 முதல் 5க்கு 2 ஆக்கினார்கள் (பர்கண்டி கணக்கு வைத்திருந்தவர்களுக்கு மட்டும் விலக்கு). ஒரு லட்சம் பாயிண்ட் வைத்திருந்தவருக்கு 80,000 மைல் 40,000 ஆனது. பாயிண்ட் என்பது வங்கி அடிக்கும் நோட்டு. செல்லும் விலையையும் வங்கியே நிர்ணயிக்கும்.

அதனால் பயணம் தெரிந்த பிறகு சேருங்கள். சீட்டு இருப்பதைக் கண்ணால் பார்த்த பிறகு மாற்றுங்கள். பாயிண்டை மைலாக மாற்றினால் திரும்ப வராது, அந்த மைலுக்கும் ஆயுள் உண்டு. சிங்கப்பூர் ஏர்லைன்ஸின் கிரிஸ்ஃப்ளையரில் 3 ஆண்டு. குறைந்த மைல் கேட்கும் சீட்டுகளை விமானத்துக்கு ஒன்றிரண்டுதான் திறப்பார்கள், ஏறக்குறைய ஒரு வருடம் முன்பு, இல்லாவிட்டால் விமானம் காலியாகக் கிடக்கும் கடைசி நாட்களில். பள்ளி விடுமுறையில் தேடி நேரத்தை வீணாக்காதீர்கள்.

பிள்ளை அமெரிக்காவில் இருந்தால் சேர்க்கும் வேலையை அங்கேயே விட்டுவிடுவது நல்லது. புது அட்டைக்கு 60,000 பாயிண்ட் போனஸ் அங்கே சாதாரணம். நாம் 18 லட்சம் தேய்த்தால் வருவது அது. பெற்றோர் பெயரில் டிக்கெட் போடத் தடையில்லை. கிரிஸ்ஃப்ளையரில் மட்டும் அவர்களை முதலில் பயனாளியாகச் சேர்க்கவேண்டும், ஐந்து பேர் வரை.

லண்டனில் பிள்ளை இருப்பவர்கள் சென்னைக்கோ கொச்சிக்கோ ஓடுவதற்கு முன் மதுரையைப் பார்க்கலாம். ஶ்ரீலங்கன் ஏர்லைன்ஸ் மதுரையிலிருந்து கொழும்புக்கும், கொழும்பிலிருந்து நேராக லண்டனுக்கும் பறக்கிறது. அது 2014 முதல் ஒன்வேர்ல்ட் கூட்டணியில் இருப்பதால் பிரிட்டிஷ் ஏர்வேஸ், கத்தார் ஏர்வேஸ் இரண்டின் ஏவியோஸ் மைலிலும் அதில் சீட்டு எடுக்க முடியும். மதுரை–கொழும்பு சின்னத் தூரம், சாதாரண சீட்டு போதும். படுக்கை தேவைப்படுவது கொழும்பு–லண்டன் பதினோரு மணி நேரத்துக்குத்தான். திரும்பும்போது பிரிட்டன் அரசின் பயணி வரி பிசினஸ் வகுப்புக்குக் கூடுதல், அதையும் கணக்கில் எடுங்கள். பாயிண்ட் ஒரு வழிக்குத்தான் தேறும் என்றால் போகும் வழிக்கு வையுங்கள். வரும்போது எகானமியில் நடைபாதை ஓரச் சீட்டும், ஏர்போர்ட்டில் சக்கர நாற்காலியும் முன்கூட்டியே சொல்லிவைத்தால் போதும். சக்கர நாற்காலிக்குப் பாயிண்டும் வேண்டாம், காசும் வேண்டாம்.