மோதலை மறக்காத பெட்டி

பெருங்களத்தூர் அருகே ஜி.எஸ்.டி. ரோட்டில் முன்னால் போன லாரி சட்டென்று நிற்க, பின்னால் வந்த கார் அதில் போய் மோதுகிறது என்று வைத்துக்கொள்வோம். தாம்பரம் பட்டறையில் பம்பர், பானட், ரேடியேட்டர் எல்லாம் மாற்றியாயிற்று. விரிந்துபோன ஏர்பேக்குக்குப் பதில் புதியதும் வந்துவிட்டது. டாஷ்போர்டில் எரியும் ஏர்பேக் விளக்கு மட்டும் அணைவதாக இல்லை. ஸ்கேனரைச் சொருகினால் 'கிராஷ் டேட்டா' என்கிறது. அழித்தாலும் போவதில்லை.

இந்தப் பிடிவாதம் ஏர்பேக்கை இயக்கும் சிறு பெட்டியின் வேலை. பெரும்பாலான கார்களில் கியர் லீவரை ஒட்டி, தரைத்தகட்டோடு போல்ட் போட்டு அதை இறுக்கியிருப்பார்கள். கார் எவ்வளவு சடாரென்று வேகம் இழக்கிறது என்பதை உள்ளேயிருக்கும் முடுக்கமானி ஓயாமல் அளக்கிறது. பள்ளத்தில் இறங்கிய குலுக்கலா, நிஜ மோதலா? 15 முதல் 30 மில்லி விநாடிக்குள் முடிவு தெரிந்தாக வேண்டும். கண் இமைக்கவே 100 மில்லி விநாடிக்கு மேல் ஆகிறது! மோதல்தான் என்றால், ஏர்பேக்கில் இருக்கும் சுமார் 2 ஓம் மின்தடை கொண்ட மெல்லிய இழையில் மின்சாரம் பாயும். இழை சூடேறி மருந்தைப் பற்றவைக்க, பீறிடும் வாயு பையை நிரப்பும். மோதலில் பேட்டரி துண்டிக்கப்பட்டாலும் பெட்டிக்குள் இருக்கும் மின்தேக்கி கைகொடுக்கும். பேட்டரியைக் கழற்றிய பிறகும் விவரமறிந்த மெக்கானிக் சில நிமிடம் பொறுத்தே ஸ்டீயரிங்கில் கை வைப்பது இதனால்தான்.

வேலை முடிந்ததும் பெட்டி அந்த மோதலைத் தன் நினைவகத்தில் எழுதிப் பூட்டிக்கொள்கிறது. பெட்டியையே மாற்றுங்கள் என்பதுதான் கார் கம்பெனிகள் பொதுவாகச் சொல்வது. புதுப் பெட்டியின் விலையைக் கேட்டவர்கள் 'ரீசெட்' தேடிப் போகிறார்கள். பெட்டியைப் பிரித்து, நினைவகச் சில்லில் இருக்கும் மோதல் பதிவை நீக்கிப் பழைய நிலைக்குக் கொண்டுவருவதுதான் ரீசெட். பதிவு போய்விடும், மோதலில் சால்டர் விரிசல் விட்டிருந்தால் அது அப்படியே இருக்கும். ஓரகடத்தில் இருக்கும் குளோபல் ஆட்டோமோட்டிவ் ரிசர்ச் சென்டரில் காரை மோதவிட்டே சோதிக்கிறார்கள். ரீசெட் செய்த பெட்டிக்கு அப்படி எந்தப் பரீட்சையும் கிடையாது.

நம் பக்கத்தில் இன்னொரு சிக்கலும் உண்டு: வெள்ளம். 2015 டிசம்பரில் முடிச்சூரும் வரதராஜபுரமும் மூழ்கியபோது, காருக்குள் புகுந்த தண்ணீர் சீட்டைத் தொடுமுன்பே இந்தப் பெட்டியைத் தொட்டிருக்கும். பின்கள் துருப்பிடித்துவிட்டால் ரீசெட்டால் பயனில்லை.

இதைவிட மோசமான வேலை ஒன்று இருக்கிறது. புது ஏர்பேக் வாங்காமல், அது இருக்க வேண்டிய இடத்தில் 2 ஓம் ரெசிஸ்டர் ஒன்றை மாட்டிவிடுவார்கள். மின்தடை சரியாக இருப்பதால் பெட்டி ஏமாந்துபோகும், விளக்கும் அணைந்துவிடும். மோதினால் விரிய அங்கே பை இருக்காது. இதை ரிப்பேர் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

2019 ஜூலை 1 முதல் புதுக் கார்களில் ஓட்டுநர் ஏர்பேக் கட்டாயம். அந்தக் கார்கள் இப்போது செகண்ட் ஹேண்டில் விற்பனைக்கு வருகின்றன. வாங்கப் போகிறவர்கள் இக்னிஷனைப் போட்டுப் பாருங்கள். ஏர்பேக் விளக்கு சில விநாடி எரிந்து அணைய வேண்டும். அணையாவிட்டால் கோளாறு. எரியவே இல்லையென்றால் யாரோ அதில் கை வைத்திருக்கக்கூடும். சரியாக அணைந்தாலும் ரெசிஸ்டர் ஏமாற்றாக இருக்கலாம் என்பதால், விவரமறிந்த மெக்கானிக்கை வைத்துச் சோதிக்காமல் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள்; ஸ்டீயரிங் மூடியை நீங்களே கழற்றாதீர்கள்.