சனிக்கிழமைக் கிரிக்கெட்

ஆஸ்திரேலியர்கள் கிரிக்கெட் ஆட்டத்தில் வல்லவர்கள் என்பது உலகமறிந்த விஷயம். அந்த வன்மைக்குக் காரணம் என்ன என்று கேட்டால், வெயிலும் வெட்டவெளியும் என்பார் சிலர். உணவின் வலிமை என்பார் சிலர். அது அவர்களுடைய பிறவிக் குணம் என்று சொல்லி முடித்துவிடுவார் வேறு சிலர். வெயிலும் வெட்டவெளியும் எத்தனையோ தேசங்களில் இருக்கின்றன. ஆகையால் காரணத்தை வேறிடத்தில் தேட வேண்டியிருக்கிறது. நமக்குத் தெரிந்த வரையில், அது சனிக்கிழமைதோறும் அந்நாட்டு நகரங்களின் பேட்டை மைதானங்களில் நடைபெறும் சங்கப் பந்தயங்களில் இருக்கிறது. அங்கே டிக்கெட் இல்லை, ஆரவாரம் இல்லை. வேலியோரத்தில் நிற்கும் சில முதியவர்களும், ஆட்டக்காரர்களின் குடும்பத்தாருமே பெரும்பாலும் பார்வையாளர்கள். ஆயினும் உலகப் புகழ் பெற்ற வீரர்கள் அத்தனை பேரும் ஏறிவந்த ஏணியின் அடிப்படிகள் அங்கேதான் ஊன்றப்பட்டிருக்கின்றன.

அந்த ஏணி எவ்வாறு அமைந்தது என்பதை முதலில் பார்ப்போம். 1893-ம் வருஷத்துக்கு முன்பு ஸிட்னி நகரத்துச் சங்கங்களுக்கு எல்லை என்று ஒன்று கிடையாது. பணமும் செல்வாக்கும் படைத்த சங்கம் எதுவோ, அது நல்ல ஆட்டக்காரர்களையெல்லாம் தன்பால் இழுத்துக்கொண்டது. எந்தப் பேட்டை ஜனங்களும் எந்தச் சங்கத்தையும் தங்களுடையது என்று சொல்லிக்கொள்ள இடமிருக்கவில்லை. இந்நிலையை மாற்றக் கருதிய நியூ ஸௌத் வேல்ஸ் கிரிக்கெட் சங்கத்தார், 1893-94 பருவத்தில் ஒரு புதிய திட்டத்தைக் கொண்டுவந்தார்கள். சட்டசபைத் தேர்தலுக்குத் தொகுதி பிரிப்பதுபோல் நகரத்தைப் பகுதிகளாகப் பிரித்தார்கள். ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு சங்கம். அந்தப் பகுதியில் குடியிருப்பவனே அந்தச் சங்கத்துக்கு ஆடலாம். இதனால் இந்த ஆட்டத்துக்குத் 'தொகுதிக் கிரிக்கெட்' என்றே அக்காலத்தில் பெயர் வழங்கிற்று. மற்ற நகரங்களும் அந்த வழியைப் பின்பற்றின; மெல்போர்ன் நகரம் 1906-07 பருவத்தில் இதை ஏற்றுக்கொண்டது.

இங்கே நேயர்கள் ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். ஆஸ்திரேலியா ஒரே தேசமாக இணைந்தது 1901-ம் வருஷத்தில்தான். அதற்கு முன்பு அது தனித்தனியான ஆறு குடியேற்ற நாடுகளாக இருந்தது. ஆனால் ஆஸ்திரேலியா என்ற பெயரால் பதினொரு பேர் ஒன்றுகூடி, 1877-ம் வருஷத்திலேயே மெல்போர்னில் இங்கிலாந்தைத் தோற்கடித்துவிட்டார்கள். தேசம் பிறப்பதற்கு முன்பே தேசத்தின் கோஷ்டி பிறந்துவிட்டது! அப்படிப்பட்ட ஜனங்கள் பேட்டைச் சங்கத்தின் நிர்வாகத்தைச் சிறிய காரியமாகக் கருதாததில் வியப்பில்லை.

குடியிருப்பு விதி நாளடைவில் தளர்ந்துவிட்டது. சங்கங்களின் பெயர்களும் எல்லைகளும் பல முறை மாறின. போட்டிக்கும் இன்று 'பிரிமியர் கிரிக்கெட்' என்று புதுப்பெயர் சூட்டியிருக்கிறார்கள். எனினும் ஜனங்கள் வாயில் பழைய 'கிரேடு கிரிக்கெட்' என்ற பெயரே இன்னும் நிலைத்திருக்கிறது. கிரேடு என்பது படித்தரம். ஸிட்னியில் உள்ள இருபது சங்கங்களில் ஒவ்வொன்றும் முதல் கிரேடு தொடங்கி ஐந்தாம் கிரேடு வரையில் ஐந்து கோஷ்டிகளை நிறுத்துகிறது. மெல்போர்னில் பதினெட்டுச் சங்கங்கள், நான்கு படித்தரங்கள். ஸிட்னியில் மட்டும் ஒரே சனிக்கிழமையில் நூறு கோஷ்டிகள், அதாவது ஆயிரத்து நூறு பேர், மைதானத்தில் இறங்குகிறார்கள் என்று கணக்கிட்டுக் கொள்ளலாம். இரண்டு சங்கங்கள் மோதும்போது எல்லாப் படித்தரங்களும் அதே நாளில் மோதும். பருவ முடிவில் ஐந்து கோஷ்டிகளின் புள்ளிகளையும், மேல்படிக்கு மிகுந்த மதிப்பும் கீழ்ப்படிக்குக் குறைந்த மதிப்பும் கொடுத்துக் கூட்டி, எந்தச் சங்கம் சிறந்தது என்று தீர்மானிக்கிறார்கள். ஆகவே, ஐந்தாம் கிரேடில் எட்டாவதாக மட்டை பிடித்து ஆறு ரன் எடுத்தவனும் சங்கத்தின் மானத்தில் பங்குடையவன் ஆகிறான்.

வகுப்பறையில் காலங்கழிக்கும் நம் போன்றவர்களுக்கு இந்த ஏற்பாடு எளிதில் விளங்கும். ஆனால் பள்ளிக்கூடத்தில் பரீட்சை வருஷத்துக்கு ஒரு முறை. இங்கே அது வாரந்தோறும். செவ்வாய், வியாழக்கிழமைகளில் மாலையில் வேலை முடிந்ததும் ஆட்டக்காரர்கள் பயிற்சிக்கு வந்து சேர்வது வழக்கம். குமாஸ்தா, தச்சர், வக்கீல், கல்லூரி மாணவர் எல்லோரும் ஒரே வலைக்குள் பந்து வீசுகிறார்கள். பயிற்சி முடிந்ததும் தேர்வுக் குழுவினர் கூடிச் சனிக்கிழமைக்கான பெயர்களை எழுதுகிறார்கள். சென்ற வாரம் இரண்டாம் கிரேடில் சதம் அடித்தவன் முதல் கிரேடுக்கு உயர்த்தப்படுவான். முதல் கிரேடில் மூன்று முறை தொடர்ந்து தவறியவன் கீழே இறக்கப்படுவான். முப்பத்தைந்து வயதுடைய ஒருவன், பதினாறு வயதுப் பையனுக்கு இடம் விட்டு, மறுவாரம் மூன்றாம் கிரேடு மைதானத்துக்குத் தன் பையைத் தூக்கிக்கொண்டு போக வேண்டியிருக்கும். இதில் மனம் நோகாதவர் யார்? ஆயினும் மறுவாரம் அவன் வருகிறான் என்பதுதான் இந்த ஏற்பாட்டின் உயிர்.

இவர்கள் ஆட்டத்துக்காகச் சம்பளம் பெறுபவர்கள் என்று நினைத்துவிடக் கூடாது. மேல்படியில் சிலருக்கு ஏதேனும் பணம் கிடைப்பதுண்டு. மற்றப் பெரும்பாலோர் தாங்களே சந்தா கட்டி, தாங்களே மட்டை வாங்கி, வார விடுமுறையையும் தியாகம் செய்து ஆடுகிறவர்கள்.

ஆட்ட முறையிலும் ஒரு விசேஷம் உண்டு. ஒரு பந்தயம் பெரும்பாலும் அடுத்தடுத்த இரண்டு சனிக்கிழமைகளில் நடைபெறுகிறது. முதல் வாரம் ஒரு கட்சி மட்டை பிடிக்கும், மறுவாரம் எதிர்க்கட்சி. முதல் இன்னிங்ஸில் அதிக ரன் எடுத்த கட்சிக்கே வெற்றி. இரண்டு இன்னிங்ஸையும் முடித்து முழு வெற்றி பெற்றால் புள்ளிகள் இன்னும் அதிகம். நடுவே ஒரு வாரம் முழுவதும் இரு கட்சியாரும் வேலைக்குப் போய்க்கொண்டே அந்தப் பந்தயத்தை மனத்தில் ஆடிக்கொண்டிருப்பார்கள்.

இந்த ஒருவார இடைவெளி என்ன செய்யும் என்பதற்கு ஆஸ்திரேலியர் இன்றும் சொல்லி மகிழும் ஒரு வரலாறு உண்டு. 1925-ம் வருஷம் டிசம்பர் மாதம். ஸிட்னிக்குத் தென்மேற்கே உள்ள பௌரல் என்ற சிற்றூருக்கும், விங்கெல்லோ என்ற அதனினும் சிறிய ஊருக்கும் பந்தயம். ஆசிரியப் பயிற்சி மாணவரான பில் ஓரைலி என்ற இளைஞர் விடுமுறைக்கு ரயிலில் ஊர் திரும்பிக்கொண்டிருந்தார். அவரைப் பௌரல் ஸ்டேஷனில் விங்கெல்லோக்காரர்கள் இறக்கிப் பந்து வீச அழைத்துச் சென்றார்கள். எதிரே மட்டையுடன் நின்றவன் பதினேழு வயதுச் சிறுவன். பெயர் டொனால்ட் பிராட்மன். மாலை ஆட்டம் நின்றபோது அவன் 234 ரன் எடுத்து ஆட்டம் இழக்காமல் இருந்தான். ஓரைலி அந்த வாரத்தை எப்படிக் கழித்திருப்பார் என்று எண்ணிப் பாருங்கள்! அடுத்த சனிக்கிழமை விங்கெல்லோவில் ஆட்டம் தொடர்ந்தது. ஓரைலி வீசிய முதற் பந்திலேயே பிராட்மனின் விக்கெட் வீழ்ந்தது. பிற்காலத்தில் இருவரும் ஒரே கோஷ்டியில் நின்று தேசத்துக்காக ஆடி அழியாப் புகழ் பெற்றார்கள்.

மறு வருஷம் பிராட்மன் ஸிட்னியின் ஸெயின்ட் ஜார்ஜ் சங்கத்தில் சேர்ந்தார். அதுவரையில் அவர் பெரும்பாலும் ஆடிப் பழகியது காங்கிரீட் தளத்தின்மேல் விரித்த பாயில். புல்தரையில் ஆட வேண்டுமானால் நகரத்துச் சங்கமே கதி. சனிக்கிழமைதோறும் விடியற்காலையில் எழுந்து ரயிலேறி, ஏறக்குறைய எண்பது மைல் பிரயாணம் செய்து, ஆடி முடித்து, நடுநிசியை ஒட்டி வீடு திரும்புவார். முதல் கிரேடில் தம் முதற் பந்தயத்திலேயே அவர் எடுத்தது 110 ரன். இப்படிக் கிராமத்துப் பிள்ளைகளை நகரத்துச் சங்கம் வரவழைப்பது அவரோடு நின்றுவிடவில்லை. நரோமைன் என்ற உள்நாட்டு ஊரிலிருந்து வந்து, ஸதர்லண்ட் சங்கத்துக்கு ஆடிக்கொண்டு, வண்டி வீடு ஒன்றில் ஓர் ஆண்டுக்கு மேல் தங்கிக் காலந்தள்ளிய கிளென் மக்ராத் என்ற நெட்டை இளைஞர், பின்னர் உலகின் சிறந்த வேகப் பந்து வீச்சாளர்களில் ஒருவரானார்.

ஏறிப்போனவர்கள் இறங்கி வருவதும் உண்டு. தேசத்துக்கு ஆடுகிறவனும் ஒரு சங்கத்தின் அங்கத்தினனே. ஓய்வு கிடைக்கும்போது அங்கே வந்து ஆடலாம். 2018-ம் வருஷம் கேப் டவுன் பந்தயத்தில் பந்தை உரசிக் கெடுத்த குற்றத்துக்காக, ஸ்டீவ் ஸ்மித், டேவிட் வார்னர் இருவரையும் சர்வதேச, மாகாணப் பந்தயங்களிலிருந்து ஓராண்டு விலக்கி வைத்தார்கள். ஆனால் சங்கக் கிரிக்கெட்டின் வாயிலை மட்டும் அடைக்கவில்லை. அவ்வருஷம் செப்டம்பர் 22-ந் தேதி ஸ்மித் ஸதர்லண்ட் சங்கத்துக்காக 85 ரன்னும், வார்னர் ராண்ட்விக்-பீட்டர்ஷாம் சங்கத்துக்காக ஆட்டம் இழக்காமல் 155 ரன்னும் எடுத்தார்கள். உலகம் கைவிட்டவனையும் பேட்டைச் சங்கம் ஏற்றுக்கொண்டது. அன்று அவர்களுக்குப் பந்து வீசியவர்கள் திங்கட்கிழமை தத்தம் வேலைக்குத் திரும்பியிருப்பார்கள்.

இவ்வளவும் சொல்லிவிட்டு, இந்த ஏணியில் ஏற எல்லோருக்கும் ஒரே விதமாக வழி இருந்தது என்று எழுதினால் அது உண்மைக்கு மாறாகும். ஜாக் மார்ஷ் என்பவர் அம்மண்ணின் ஆதிகுடியைச் சேர்ந்தவர். ஸௌத் ஸிட்னி சங்கத்துக்காக மிக வேகமாகப் பந்து வீசி விக்கெட்டுகளைக் குவித்தார். 1900-01 பருவத்தில் மாகாணப் பந்தயம் ஒன்றில், அவர் பந்தை வீசவில்லை, எறிகிறார் என்று நடுவர் ஒருவர் பதினேழு முறை தவறு கூறினார். மேல்தரப் பந்தயங்களில் மார்ஷுக்குக் கிடைத்தவை மொத்தம் ஆறே. குயின்ஸ்லாந்தைச் சேர்ந்த எட்டி கில்பர்ட், 1931-ம் வருஷத்தில் பிராட்மனையே ரன் எடுக்கவிடாமல் வெளியேற்றியவர். ஆதிகுடியினர் என்ற காரணத்தால், குடியிருப்பைவிட்டு வெளியூர் செல்ல அவர் அரசாங்க அதிகாரியின் அனுமதி பெற வேண்டியிருந்தது. 1958-ல் ஃபெயித் தாமஸ் என்ற மாதரசியும், 1996-ல் ஜேஸன் கில்லெஸ்பியும் ஆதிகுடி வம்சத்திலிருந்து டெஸ்ட் பந்தயம் ஆடினார்கள். முதற் சங்கப் பந்தயத்துக்கும் கில்லெஸ்பிக்கும் இடையே ஒரு நூற்றாண்டுக்கு மேல் கழிந்துவிட்டது. ரன்னும் விக்கெட்டும் நிறம் பார்ப்பதில்லை. ஆனால் அவற்றை எண்ணியவர்கள் பார்த்தார்கள்.

இன்று இந்த ஏற்பாட்டுக்கு வந்திருக்கும் சங்கடம் வேறு விதமானது. சர்வதேசப் பந்தயங்கள் வருஷம் முழுவதும் நடைபெறுவதால், பெரிய ஆட்டக்காரர்கள் சங்கத்துப் பக்கம் தலைகாட்டுவது அரிதாகிவிட்டது. பையன்கள் அவர்களைத் தொலைக்காட்சியில் பார்க்கலாம். அவர்களுக்குப் பந்து வீசி அடிபட்டுக் கற்கும் பாக்கியம் குறைந்துவிட்டது. இரண்டு சனிக்கிழமைகளை முழுவதும் கொடுக்க இயலாத குடும்பஸ்தர்கள் ஒருநாள் ஆட்டத்தை நாடுகிறார்கள். மற்றொரு பக்கத்தில், நம் தேசத்திலிருந்தும் அண்டை நாடுகளிலிருந்தும் அங்கே குடியேறியவர்களின் பிள்ளைகள் பேட்டை மைதானங்களில் திரளாகச் சேர்கிறார்கள். மகளிருக்கும் படித்தரப் போட்டிகள் நடக்கின்றன. இந்தப் புதியவர்களுக்கு மேல்படி வரையில் வழி விடுவார்களா என்பதே இனி அந்த ஏணிக்குப் பரீட்சை.

ஏணியைத் தாங்கி நிற்பவர்களைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். மழை வந்தால் ஓடிப்போய் ஆடுகளத்தை மூடுகிறவர், ரன் கணக்கு எழுதுகிறவர், தேநீர் போடுகிறவர், சந்தாப் பாக்கிக்காக நண்பர்களைத் துரத்துகிற பொருளாளர், இவர்களில் பெரும்பாலோருக்குக் கூலி இல்லை. பத்திரிகையில் பெயரும் இல்லை. சிறு பூங்காக்களில் நடக்கும் கீழ்த்தரப் பந்தயங்களில் நடுவர்கூட வருவதில்லை. மட்டை பிடிக்கும் கட்சியைச் சேர்ந்தவனே நடுவராக நின்று, தன் நண்பனைப் பார்த்து, 'நீ அவுட்' என்று விரல் உயர்த்த வேண்டும். அப்படி உயர்த்துகிற மனிதனை எந்தச் சட்டம் உண்டாக்கிவிட முடியும்?

நூற்றுக்கணக்கானவர்களில் ஒருவனே மாகாணத்துக்கு ஆடுவான். ஆயிரக்கணக்கானவர்களில் ஒருவனே தேசத்துக்கு ஆடுவான். மற்றவர்கள் மூன்றாம் கிரேடிலும் நான்காம் கிரேடிலும் வயதாகும் வரையில் ஆடி ஓய்கிறவர்கள். ஆனால் பதினாறு வயதுப் பையன் மேலே போவதற்குத் தகுதியுடையவனா என்று சோதித்துப் பார்ப்பவர்கள் அவர்களே. அவர்கள் இளைத்துவிட்டால் சோதனையும் இளைத்துப்போகும். ஒரு பிராட்மனுக்காகப் பெருமைப்படும் தேசங்கள் பல இருக்கலாம். பிராட்மன் ஆக முடியாதவனுக்கும் சனிக்கிழமைதோறும் ஓர் இடமும், ஒரு பொறுப்பும், ஒரு பந்தயமும் கொடுத்து வைத்திருப்பதே ஆஸ்திரேலியாவின் சாமர்த்தியம். அதைக் காப்பாற்றிக்கொள்ளும் வரையில் அவர்களை வெல்லுவது எவர்க்கும் எளிதன்று.